படகு வீரர் பயிற்சியாளராக மாறும்போது: துடுப்புப் போட்டியும் நெல்லைச் சீமையும்

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி வழக்கமான 2,000 மீட்டரில் நடக்காது; 1,500 மீட்டர்தான். எடை குறைந்தவர்களுக்கென்று இருந்த பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. கடற்கரை மணலில் ஓடிப்போய்ப் படகேறும் புதிய போட்டி ஒன்று சேர்ந்திருக்கிறது. கூடவே, முன்னாள் வீரர்கள் பயிற்சியாளர்களாகப் பொறுப்பேற்கும் செய்திகளும் வருகின்றன. ரோயிங் என்ற விளையாட்டையே கண்ணால் பார்த்திராத நெல்லைக்காரர்களுக்கு இதெல்லாம் புரியாமல் போவதில் வியப்பில்லை. ஆனால் ஒரு கேள்வி இங்கே இயல்பாக எழுகிறது: வற்றாத தாமிரபரணி இருக்கிறது, அணைகள் இருக்கின்றன, உவரியில் தொடங்கி கூட்டப்புளி வரை கடலும் இருக்கிறது, நம் பிள்ளைகள் ஏன் இந்த விளையாட்டில் இல்லை?

போட்டியில் துடுப்பு வலித்து, அதைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் முறையாகக் கற்று, ஊரில் வந்து தங்குகிற ஒரு பயிற்சியாளர் நமக்கு இல்லை. தண்ணீர்க் குறையைவிட இதுதான் பெரிய குறை என்பது என் கணிப்பு. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு, ஒரு வீரர் எப்படி உருவாகிறார், பயிற்சியாளராக மாறும்போது அவரிடம் என்ன மாறுகிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்க வேண்டும்.

விளையாட்டின் அடிப்படை

கேரளத்தின் புன்னமடை ஏரியில் நடக்கும் நேரு கோப்பைப் பாம்புப் படகுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்போம். அதில் படகு போகும் திசையைப் பார்த்தபடி உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பால் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். கயாக், கேனோ போட்டிகளும் அந்த வகைதான். ரோயிங் வேறு.

1. வீரர் முதுகைக் காட்டியபடி முன்னேறுகிறார். போகும் திசை அவருக்குத் தெரியாது.
2. துடுப்பு படகோடு பூட்டப்பட்டிருக்கும். பக்கவாட்டில் நீளும் சட்டத்தின் முனையில் உள்ள பூட்டில் அது சுழலும்.
3. இருக்கை, தண்டவாளம் போன்ற இரண்டு கம்பிகளின்மேல் முன்னும் பின்னும் சறுக்கும். காலணிகள் படகுக்குள் ஒரு பலகையில் பொருத்தப்பட்டிருக்கும். அதனால் உந்துவிசையில் பெரும்பங்கு கால்களிலிருந்து வருகிறது.

ஒருவர் இரண்டு கைகளிலும் ஒவ்வொரு துடுப்பு பிடித்தால் அது ஸ்கல்லிங். இரண்டு கையாலும் ஒரே பெரிய துடுப்பைப் பிடித்தால் ஸ்வீப். ஸ்கல்லிங்கில் ஒருவர், இருவர், நால்வர் படகுகள் உண்டு; ஸ்வீப்பில் இருவர், நால்வர், எட்டுப் பேர். ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் மட்டும் ஒன்பதாவதாக காக்ஸ் என்றொருவர் சுக்கான் பிடித்துக் குரல் கொடுப்பார். ஒற்றையர் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, எட்டுப் பேர் படகுக்கு 96 கிலோ. 2,000 மீட்டரைக் கடக்க எட்டுப் பேர் படகுக்கு ஐந்தரை நிமிடமும், நல்ல ஒற்றையர் வீரருக்கு ஏழு நிமிடத்துக்குள்ளும் ஆகும். அந்த நேரத்துக்குள் 200 தடவைக்கு மேல் துடுப்பு தண்ணீரில் இறங்கி ஏறியாக வேண்டும்.

படகு எப்போது வேகமாகப் போகிறது?

பயிற்சியாளரின் வேலையைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும் என்பதால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

துடுப்பு தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் படகு அதிக வேகத்தில் போகும் என்று எவரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தால் படகின் உச்ச வேகம், துடுப்பு வெளியே வந்து வீரர் இருக்கையில் சறுக்கித் திரும்பும் நேரத்தில்தான் வருகிறது. காரணம் எளிது. வீரரின் எடை 85 கிலோ, படகு 14 கிலோ. அவர் கால்பலகைப் பக்கமாகச் சறுக்கும்போது தன்னைப் படகின் பின்முனை நோக்கி நகர்த்துகிறார். அதன் எதிர்விளைவாக, கனமில்லாத படகு அவருக்குக் கீழே முன்னால் பாய்கிறது. அடுத்த இழுப்புக்காகத் துடுப்பைத் தண்ணீரில் இறக்கும் தருணத்தில் உடல் நின்று திரும்ப வேண்டும். அப்போது படகின் வேகம் சட்டென்று விழுகிறது.

ஆக, பதற்றத்தோடு வேகமாகச் சறுக்கித் திரும்புகிறவர் தன் படகைத் தானே பிடித்து நிறுத்துகிறார். உடம்பில் எவ்வளவு பலம் இருந்தாலும் இந்த இடத்தில் அது வீணாகிறது. புதிதாக வருகிறவர்கள் கிணற்றில் வாளி இழுப்பதுபோல் கையாலும் முதுகாலும் இழுப்பார்கள். காலை முதலில் உதைத்து, பிறகு முதுகைத் திறந்து, கடைசியில் கையை மடக்கும் வரிசை பழக மாதக்கணக்கில் ஆகும்.

இன்னொரு கணக்கும் உண்டு. நீரின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது; தேவைப்படும் ஆற்றலோ ஏறத்தாழ வேகத்தின் முப்படியில் ஏறுகிறது. ஒரு சதவீதம் வேகம் கூட்ட மூன்று சதவீதம் அதிக ஆற்றல் வேண்டும். நன்றாகத் தயாரான உடம்பில் அந்த மூன்று சதவீதத்தைக் கூட்ட ஒரு பருவம் முழுக்க உழைக்க வேண்டியிருக்கும். அதே அளவு வேகம், தவறாகச் சறுக்குவதைத் திருத்தினால் கிடைக்கலாம். அந்தத் தவறைப் படகில் இருப்பவரால் பார்க்க முடியாது. பக்கத்தில் மோட்டார் படகில் வருகிறவரால்தான் முடியும்.

வீரர் எங்கிருந்து வருகிறார்?

இந்தியாவில் இந்த விளையாட்டு பழையது. அடையாற்றங்கரை மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தொடங்கியது. ஆனால் பதக்கங்கள் கிளப்புகளிலிருந்து வரவில்லை, ராணுவத்திலிருந்து வந்தன. 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கர் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்துக்காரர். இந்தியாவுக்கு ஆசிய விளையாட்டில் ரோயிங்கில் கிடைத்த முதல் தங்கம் அது. 2018இல் நால்வர் ஸ்கல்லிங்கில் தங்கம் வென்ற அணியில் இருந்த சுவரண் சிங் பஞ்சாபின் மான்சா மாவட்டத்தவர். அதே அணியின் தத்து போகனல், மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் வறட்சிக்குப் பேர்போன பகுதியில் கிணறு வெட்டும் வேலை பார்த்தவர். 2012இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகே துடுப்பைத் தொட்டார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஒற்றையர் பிரிவில் 13ஆம் இடம் பிடித்தார்.

சீகர், மான்சா, நாசிக்கின் வறண்ட பகுதி: படகு விடத் தண்ணீர் இருக்கும் ஊர் என்று இவற்றில் எதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். உயரமும் நுரையீரல் வலுவும் உள்ள இளைஞரை ஒரு பயிற்சியாளர் அடையாளம் கண்டார், புனேயில் உள்ள ராணுவ ரோயிங் மையம் போன்ற ஓர் அமைப்பு அவரைச் சோறு போட்டு வளர்த்தது. நம் சீமையிலிருந்தும் ஆண்டுதோறும் இளைஞர்கள் ராணுவத்திலும் கடற்படையிலும் சேர்கிறார்கள். விஜயநாராயணத்தில் ஐஎன்எஸ் கட்டபொம்மன் என்ற கடற்படைத் தளமே இருக்கிறது. ஆள் இல்லை என்று நாம் சொல்ல முடியாது.

வீரரின் அன்றாடம் சலிப்பூட்டக்கூடியது. பயிற்சியில் பெரும்பகுதி நிமிடத்துக்கு 18 முதல் 20 இழுப்புகள் என்ற மெதுவான கதியில், நீண்ட தூரம் போவதுதான். தண்ணீரில் இல்லாத நேரத்தில் எர்கோமீட்டர். சங்கிலியை இழுத்தால் காற்றாடிச் சக்கரம் சுழன்று, 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று திரையில் காட்டும் எந்திரம் அது. அதில் 2,000 மீட்டரை எத்தனை நிமிடத்தில் முடிக்கிறார் என்பதே தேர்வுக்கான முதல் அளவுகோல். கீழ்முதுகு வலியும் விலா எலும்பில் வரும் நுண்முறிவும் இந்த விளையாட்டுக்கே உரிய காயங்கள். முப்பதைத் தாண்டும்போது பலருக்கும் அடுத்து என்ன என்ற கேள்வி வந்துவிடுகிறது.

துடுப்பை வைத்த பிறகு

அடுத்து என்ன என்பதற்குப் பயிற்சியாளர் வேலை இயல்பான பதிலாகத் தோன்றும். ஆனால் இது பதவி உயர்வு மாதிரி தானாக நடந்துவிடும் மாற்றம் கிடையாது. வேறு தொழிலைப் புதிதாகக் கற்பது என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால்:

1. வீரர் படகை உடம்பால் உணர்கிறார். பயிற்சியாளர் கண்ணால் பார்க்கிறார். ‘படகு கனமாக இருக்கிறது’ என்ற உணர்வை ‘துடுப்பு தண்ணீரில் இறங்கும் முன்பே கால் உதைக்க ஆரம்பித்துவிடுகிறது’ என்று மொழிபெயர்க்கத் தெரிய வேண்டும்.

2. தன் உடம்புக்குச் சரியாக வந்தது எல்லோருக்கும் வரும் என்ற நம்பிக்கையை விட வேண்டும். ஆறடி மூன்றங்குல வீரரின் துடுப்பு நீளமும் பூட்டின் உயரமும் ஐந்தடி ஏழங்குலப் பையனுக்குப் பொருந்தாது. ஸ்கல்லிங் துடுப்பு ஒன்றின் நீளம் சுமார் 2.88 மீட்டர், அதில் பூட்டுக்கு உட்பக்கம் எவ்வளவு, வெளிப்பக்கம் எவ்வளவு என்பதில் ஒரு சென்டிமீட்டர் மாறினாலும் இழுவையின் கனம் மாறும். இந்த அமைப்பு வேலையை ரிக்கிங் என்பார்கள். ஸ்பானரும் அளவுநாடாவுமாக இதைச் செய்வது பயிற்சியாளரின் அன்றாடக் கடமை.

3. ஆளைத் தேர்ந்தெடுக்கவும் விலக்கவும் வேண்டும். நால்வர் படகுகள் இரண்டை ஓடவிட்டு, பிறகு படகுக்கு ஒருவரை மட்டும் இடம் மாற்றி மறுபடி ஓடவிடுவார்கள். இரண்டு ஓட்டங்களின் வித்தியாசம் யாரால் படகு வேகமாகிறது என்று காட்டும். நேற்றுவரை அதே படகில் உட்கார்ந்து விலக்கப்படும் பயத்தை அனுபவித்தவர், இன்று அந்த முடிவைத் தானே முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். முன்னாள் வீரர்களுக்கு மிகக் கடினமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

4. வலியைத் தாங்கிய பெருமையைப் பிள்ளைகள்மேல் ஏற்றக்கூடாது. பதினைந்து வயது முதுகெலும்பு முழுச் சுமைக்குத் தயாராக இருக்காது. எப்போது நிறுத்தச் சொல்வது என்று தெரிந்தவரே நல்ல பயிற்சியாளர்.

5. போட்டி தொடங்கிய பிறகு எதுவும் செய்ய முடியாது. வெளியிலிருந்து கருவி மூலம் படகுக்குத் தகவல் சொல்ல உலக ரோயிங் விதிகள் அனுமதிப்பதில்லை. சொல்ல வேண்டியது எல்லாம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே சொல்லி முடிந்திருக்க வேண்டும்.

சரி, அப்படியானால் நல்ல வீரர்தான் நல்ல பயிற்சியாளர் ஆவாரா? வரலாறு இரு பக்கமும் சான்று தருகிறது. நியூசிலாந்தின் டிக் டோங்க்ஸ் 1972 மியூனிக்கில் நால்வர் படகில் வெள்ளி வென்றவர். பின்னர் பயிற்சியாளராக அந்தச் சிறிய நாட்டுக்கு ராப் வாடெல், எவர்ஸ்-ஸ்விண்டெல் இரட்டைச் சகோதரிகள் என்று ஒலிம்பிக் தங்கங்களை வரிசையாகத் தந்தார். அமெரிக்காவின் மைக் டெட்டி 1988 சியோலில் எட்டுப் பேர் படகில் வெண்கலம் வென்று, 2004இல் அதே பிரிவில் தன் நாட்டு அணியைத் தங்கத்துக்குக் கொண்டுபோனார். மறுபக்கம் ஜெர்மனியின் கார்ல் ஆடம். அவர் குத்துச்சண்டைக்காரர், பள்ளி ஆசிரியர். ரோயிங் வீரராக இருந்ததே இல்லை. அவர் உருவாக்கிய எட்டுப் பேர் அணிகள் 1960லும் 1968லும் ஒலிம்பிக் தங்கம் வென்றன.

இதிலிருந்து வீரராக இருந்த அனுபவம் வேண்டாம் என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. ஆடமுக்குச் சுற்றிலும் ரோயிங் தெரிந்த ஒரு நாடு இருந்தது. எதுவுமே இல்லாத இடத்தில் தொடங்குபவருக்குத் தண்ணீரை உடம்பால் அறிந்திருப்பது பெரிய முதல். ஆனால் அது முதல் மட்டும்தான். கற்பிக்கும் கலையை அதன்மேல் கட்ட வேண்டும்.

சான்றிதழும் பிழைப்பும்

இந்தியாவில் பயிற்சியாளர் வேலைக்குப் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ முக்கியத் தகுதி. எல்லோரும் என்ஐஎஸ் என்று சொல்வது இதைத்தான். உலக ரோயிங் அமைப்பும் படிநிலைகளாகப் பயிற்சியாளர் படிப்புகளை வைத்திருக்கிறது. வேலை ராணுவ அணிகளிலும், ஆலப்புழையில் இருப்பதுபோன்ற இந்திய விளையாட்டு ஆணைய மையங்களிலும், மாநில அமைப்புகளிலும் கிடைக்கலாம். 2005இல் இஸ்மாயில் பெய்க், 2014இல் ஜோஸ் ஜேக்கப் ஆகியோர் ரோயிங் பயிற்சிக்காக துரோணாச்சாரியார் விருது பெற்றார்கள். விருது ஒருபுறம் இருக்கட்டும், மாதச் சம்பளம் வரும் இடங்கள் குறைவு. அதனால் பயிற்சி பெற்றவர்கள் வேலை இருக்கும் இடத்திலேயே தங்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2028 என்ன மாற்றுகிறது?

எடை குறைந்தோர் பிரிவு 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக்குக்கு வந்தது. ஆண்களில் தனி ஒருவரின் உச்சவரம்பு 72.5 கிலோ. தென்னிந்திய உடல்வாகுக்கு நியாயமான வாய்ப்பு தந்த பிரிவு அது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜுன் லால் ஜாட், அரவிந்த் சிங் இணை 11ஆம் இடம் பிடித்ததும், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே இணை வெள்ளி வென்றதும் இந்தப் பிரிவில்தான். இனி ஒலிம்பிக்கில் 72 கிலோக்காரரும் 100 கிலோக்காரரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எடைக் கட்டுப்பாட்டோடு வளர்ந்த ஒரு வீரர் இன்று பயிற்சியாளராகும்போது, தான் கற்றதில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்தே ஆக வேண்டும். தூரம் 1,500 மீட்டராகக் குறைவது லாங் பீச் மரைன் ஸ்டேடியத்தின் நீளத்தால் வந்த ஏற்பாடு. அது வழக்கத்தைவிட வேகமான, உதைப்பு மிகுந்த ஓட்டமாக இருக்கும்.

நமக்கு முக்கியமானது மூன்றாவது மாற்றம். பீச் ஸ்பிரிண்ட் என்ற கடற்கரைப் போட்டியில் வீரர் மணலில் ஓடி, படகேறி, மிதவைகளுக்கு இடையே வளைந்து 250 மீட்டர் கடலுக்குள் போய், திரும்பி நேராகக் கரைக்கு வந்து, குதித்து ஓடி முடிக்க வேண்டும். ஒற்றையர் கடல் படகு 6 மீட்டருக்குள், 35 கிலோவுக்குக் குறையாமல் இருக்கும். ஏரிப் படகு எளிதில் கவிழும்; இது அப்படிக் கவிழாது. 2028இல் ஆண் ஒற்றையர், பெண் ஒற்றையர், ஆணும் பெண்ணும் சேர்ந்த இருவர் என்று மூன்று பிரிவுகள். எந்த அலையில் இறங்குவது, எந்த அலையில் ஏறி வருவது என்ற அறிவு இங்கே உடல் அளவுக்கு நிகரான எடை பெறுகிறது.

நெல்லையின் தண்ணீர்

இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். சர்வதேசப் பந்தயத் தளத்துக்கு ஒரு பாதைக்கு 13.5 மீட்டர் அகலமும், குறைந்தது 3 மீட்டர் ஆழமும் வேண்டும். கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பக்கம் தாமிரபரணியில் பாறையும் மணல்திட்டும் அமலைச்செடியும்தான். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே அகலம் உண்டு, வண்டல் மேடிட்டு ஆழம் போய்விட்டது. பாபநாசமும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. அங்கே மோட்டார் படகு விடக் கேட்பதே சரியல்ல. நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துக் குளங்கள் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு சில மாதங்கள் நிறைந்திருக்கும், ஆனால் கூந்தன்குளம் போன்றவை பறவைகளுக்கு உரியவை. மணிமுத்தாறு அணை அகலமானது, காட்டை ஒட்டியது என்பதால் வனத்துறை, நீர்வளத்துறை இரண்டும் ஒப்புக்கொண்டால்தான் பேச முடியும்.

அப்புறம் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக அடிக்கும் மேல்காற்று, பணகுடியிலும் கயத்தாற்றிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, 14 கிலோ படகைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். விடியற்காலை இரண்டு மணி நேரம் மட்டுமே பயன்படும். வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. 2023 டிசம்பரில் தாமிரபரணி என்ன செய்தது என்று பார்த்த பிறகு, கரையோரமாகப் படகுக் கொட்டகை கட்டும் எண்ணத்தை யாரும் எளிதாக எடுக்க மாட்டார்கள்.

கடல் பக்கம் நிலைமை வேறு. கூட்டப்புளி, பெருமணல், இடிந்தகரை, கூத்தன்குழி, உவரி ஊர்ப் பிள்ளைகள் அலையைப் படித்தே வளர்கிறார்கள். வள்ளங்களில் இப்போது எந்திரம் வந்துவிட்டாலும், தண்டு வலித்துக் கரையேறிய தலைமுறை இன்னும் வீட்டில் இருக்கிறது. அதற்காக மீனவப் பிள்ளைகள் பிறவியிலேயே ரோயிங் வீரர்கள் என்று சொல்லிவிட முடியாது. சறுக்கு இருக்கையும் பின்பார்த்த ஓட்டமும் அவர்களுக்கும் புதிதுதான். ஆனால் ஏரியில் பழகிய ஒருவருக்கு அலையைக் கற்றுத்தருவதைவிட, அலை தெரிந்தவருக்குச் சறுக்கு இருக்கையைக் கற்றுத்தருவது குறைந்த காலம் பிடிக்கும் என்பது என் எண்ணம். பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். கலப்பு இருவர் பிரிவில் பாதிப் படகு அவர்களுடையது. 2010 குவாங்சோவில் இந்தியப் பெண்கள் இருவர் படகில் வெண்கலம் வென்றார்கள், ஹாங்சோவில் இந்தியா பெற்ற ஐந்து ரோயிங் பதக்கங்களும் ஆண்களுடையவை. அந்த இடைவெளியை நிரப்பப் பெண் பயிற்சியாளர்களும் தேவை.

திரும்பி வருகிறவர் எங்கே தொடங்கலாம்?

போட்டிப் படகு ஒன்றே பல லட்ச ரூபாய் ஆகும் என்பதால், படகிலிருந்து தொடங்கினால் திட்டம் கோப்பிலேயே நின்றுவிடும். ராணுவத்திலோ கடற்படையிலோ துடுப்பு வலித்து, என்ஐஎஸ் முடித்துத் திரும்பும் ஒருவருக்கு நான் சொல்லும் வரிசை வேறு.

முதலில் நீச்சல். ரோயிங் படகில் காலணி பலகையோடு கட்டப்பட்டிருக்கும். கவிழ்ந்தால் காலை உருவி வெளியே வரத் தெரியாத பிள்ளையைத் தண்ணீரில் இறக்கவே கூடாது. பிறகு இரண்டு எர்கோமீட்டர்கள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியின் காலியான அறை போதும், தண்ணீர் தேவையில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் பதினான்கு, பதினைந்து வயதினரின் உயரம், கைவீச்சு, எர்கோமீட்டர் நேரம் ஆகியவற்றை அளந்து ஒரு பட்டியல் தயாரிக்கலாம். உள்ளரங்க ரோயிங்குக்கென்றே போட்டிகள் நடப்பதால், படகைப் பார்க்கும் முன்பே பிள்ளைகளுக்கு ஓர் இலக்கு கிடைக்கும். தேறியவர்களை விடுமுறையில் சென்னைக்கோ ஆலப்புழைக்கோ அழைத்துப்போய்த் தண்ணீர் காட்டலாம். நெல்லையிலிருந்து ஆலப்புழை ரயிலில் ஒரு பகல் தூரம்தான். கடல் படகு வாங்குவது அதற்குப் பிறகு வரட்டும், அதையும் கடலோர ஊர்க் கமிட்டியின் சம்மதத்தோடு, மீன்பிடி இறங்கும் நேரத்தைத் தவிர்த்து.

இதற்கு அரசிடம் கேட்க வேண்டியதும் ஒன்றே ஒன்றுதான்: அந்தப் பயிற்சியாளருக்கு நான்கைந்து ஆண்டுகளுக்கு நிரந்தரச் சம்பளம். ஒரு வீரர் உருவாக அவ்வளவு காலம் ஆகும். ஓராண்டு ஒப்பந்தத்தில் வருகிறவர் முதல் பிள்ளைக்குச் சறுக்கு இருக்கை பழக்கி முடிக்கும்போது ஒப்பந்தம் முடிந்திருக்கும்.